பறவையை எண்ணவும் தெரிய வேண்டும், பிடிக்கவும் தெரிய வேண்டும்!

முட்டை புதுசா, நாள்பட்டதா என்று பார்ப்பது எப்படி?

வீட்டுப் பாட்டிமாரைக் கேட்டால் சொல்லுவார்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து முட்டையை மெல்ல உள்ளே விட வேண்டும். அடியில் போய்ப் படுத்துக் கொண்டால் புது முட்டை. ஒரு முனை தூக்கிக் கொண்டு நின்றால் சில நாள் ஆகிவிட்டது. மேலே மிதந்தால் அது சமையலுக்கு ஆகாது.

பூமியின் வடகோடியில், பனியும் மூடுபனியும் சூழ்ந்த பெரிங் கடல் ஓரத்தில், கடற்பறவை முட்டை எடுக்கும் ஜனங்களும் இதே சோதனையைத்தான் செய்கிறார்கள். அதுமட்டுமல்ல. பறவை ஆராய்ச்சி செய்ய வரும் விஞ்ஞானிகளும் இதையே செய்கிறார்கள்! முட்டை தண்ணீரில் எப்படி நிற்கிறது என்று பார்த்து, அடைகாக்கத் தொடங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்கிடுகிறார்கள்.

பாட்டிக்குத் தெரிந்ததும் பட்டம் பெற்றவருக்குத் தெரிந்ததும் ஒன்றுதான். அப்படியானால் பள்ளிக்கூடத்தில் ஒன்றை மட்டும் பாடம் என்று சொல்லிவிட்டு, மற்றொன்றை வீட்டு வாசலோடு நிறுத்திவிடுவது என்ன நியாயம்?

மாமன் தீவு

அமெரிக்காவைச் சேர்ந்த அலாஸ்காவின் கரையிலிருந்து சுமார் 300 மைல் மேற்கே, நடுக் கடலில் இருக்கின்றன பிரிபிலாப் தீவுகள். ஜனங்கள் குடியிருப்பது இரண்டில் மட்டும். ஒன்று செயின்ட் பால். மற்றொன்று செயின்ட் ஜார்ஜ். 2020ம் வருஷ ஜனத்தொகைக் கணக்கின்படி செயின்ட் பாலில் 413 பேர். செயின்ட் ஜார்ஜில் 67 பேர். ஒரு சின்னக் கல்யாணத்துக்கு வரும் கூட்டத்தைவிடக் குறைவு!

இங்கே மரம் கிடையாது. கோடையில் புல்லும் பூவும் உண்டு. மற்றபடி பாறை, காற்று, மூடுபனி. இந்தத் தீவுகளின் ஜனங்கள் உனாங்கன் இனத்தவர். அலியூத் என்றும் சொல்வார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தால் "ஆங்!" என்பார்கள். வணக்கத்துக்கும் அதுதான். ஆமாம் என்பதற்கும் அதுதான்.

இந்தத் தீவுகளுக்கு அவர்கள் வைத்திருந்த பழைய பெயர் அமிக். தாயின் சகோதரன் நாடு என்று அதற்குப் பொருள் கூறுகிறார்கள். அதாவது, மாமன் ஊர்! உனிமாக் என்ற தீவின் பெரியவர் ஒருவரின் மகன் புயலில் சிக்கி வடக்கே தள்ளப்பட்டானாம். புயல் அடங்கியதும் மூடுபனி. திசை தெரியவில்லை. அப்போது தூரத்தில் ஆயிரக்கணக்கான கடல் நாய்கள் கத்தும் ஓசை கேட்டது. அந்த ஓசையைப் பிடித்துக் கொண்டே போய்க் கரை சேர்ந்தான் என்பது அவர்கள் வாய்வழியாகச் சொல்லிவரும் கதை.

கேட்டீர்களா? பிராணிகளின் சத்தமே அவனுக்கு வழி காட்டியது. இதைக் கதை என்று ஒதுக்கிவிடலாம். மூடுபனியில் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லும் பாடம் என்றும் வைத்துக் கொள்ளலாம்.

1786ல் கவ்ரீல் பிரிபிலாப் என்ற ரஷிய மாலுமி இங்கே வந்தார். பிறகு ரஷிய வியாபாரிகள், உனாங்கன் குடும்பங்களை அவர்களுடைய சொந்தத் தீவுகளிலிருந்து பெயர்த்துக் கொண்டு வந்தார்கள். எதற்கு? கடல் நாயைக் கொன்று தோல் உரிப்பதற்கு. 1867ல் ரஷியா அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றது. எஜமானர் மாறினார். வேலை மாறவில்லை.

பாறையில் ஒரு முட்டை

கடல் நாய்க்குப் பெயர்போன தீவுகள் என்றாலும், பறவைகளும் லட்சக்கணக்கில் வருகின்றன. கோடை வந்தால் செங்குத்தான பாறைகளில் இடம் கிடைக்காது. அவ்வளவு நெரிசல்.

செங்கால் கிட்டிவேக் என்று ஒரு பறவை. கடற்காகம் போல் இருக்கும். கால் மட்டும் பவழச் சிவப்பு. உலகம் முழுவதிலும் பெரிங் கடலின் சில தீவுகளில் மட்டும்தான் இது குஞ்சு பொரிக்கிறது. அதிலும் பெரும்பகுதி இந்தச் செயின்ட் ஜார்ஜ் தீவில்! கொண்டை ஆக்லெட் என்று இன்னொன்று. அதன் மேலே ஆரஞ்சுப் பழத்தோல் போல வாசனை அடிக்கும். பொய்யல்ல. விஞ்ஞானிகள் அந்த வாசனையைப் பிரித்தெடுத்தே ஆராய்ந்திருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் வேடிக்கை மர் என்ற பறவைதான். கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் போட்ட கனவான் போல நிமிர்ந்து நிற்கும். இது கூடு கட்டாது. வெறும் பாறை விளிம்பில் ஒரே ஒரு முட்டை. கோழி முட்டையைப் போல இரண்டு மடங்கு இருக்கும். நீலம், பச்சை, வெள்ளை என்று பல நிறம். மேலே பேனாவால் கிறுக்கியது போலக் கோடுகள். ஒன்றின் கிறுக்கல் மற்றொன்றுக்கு இராது. தாய்க்குத் தன் முட்டை அடையாளம் தெரியும்.

முட்டை ஒரு பக்கம் கூராகப் பேரிக்காய் வடிவத்தில் இருக்கும். ஏன்? உருண்டால் கீழே விழாமல் வட்டமடித்துத் திரும்பட்டும் என்றுதான் இப்படி என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். அது சரியல்ல, சரிவான பாறையில் ஆடாமல் உட்காரவே இந்த வடிவம் என்று இங்கிலாந்தின் ஷெபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பர்க்ஹெட் சில வருஷங்களுக்கு முன் எடுத்துக் காட்டினார். இந்த விவாதத்தைத் தீவுப் பிள்ளைகள் முன்னால் வையுங்கள். ஒரு முட்டையையும் ஒரு சாய்ந்த பலகையையும் கொடுங்கள். அதைவிட நல்ல விஞ்ஞான வகுப்பு எந்தப் பட்டணத்தில் கிடைக்கும்?

இந்த முட்டையை எடுக்கத்தான் அந்தக் காலத்தில் ஆண்கள் கயிறு கட்டிக் கொண்டு பாறையில் இறங்கினார்கள். அதற்கு ஒரு கணக்கு உண்டு. பருவத்தின் ஆரம்பத்தில் முட்டை போனால், மர் பறவை சுமார் இரண்டு வாரத்தில் இன்னொன்று இடும். பின்னால் எடுத்தால் இடாது. குஞ்சு வளர்ந்து கடலில் இறங்கக் காலம் போதாது. ஆகவே எடுக்கிறவன் முன்னதாகவே எடுக்க வேண்டும். பேராசைப்பட்டு மறுபடியும் போகக் கூடாது. புத்தகம் இல்லாத காலத்திலேயே பாறை ஓரத்து ஜனங்கள் தெரிந்து கொண்ட விஷயம் இது.

பறவையின் தோலும் வீணானதில்லை. பஃபின், மர் ஆகியவற்றின் தோல்களைச் சேர்த்துத் தைத்து உனாங்கன் பெண்கள் அங்கி செய்தார்கள். ஓர் அங்கிக்குப் பத்துக்கணக்கில் பறவைத்தோல் வேண்டும். ஊசி எது தெரியுமா? பறவையின் எலும்பேதான்! அந்தத் தையலைப் பார்த்த வெள்ளைக்கார யாத்ரீகர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள்.

பாஷைக்கு அடி

இத்தனை அறிவும் எங்கே போயிற்று?

பள்ளிக்கூடத்தால்தான் போயிற்று. சொல்லவே கூச்சமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

அமெரிக்க சர்க்கார் நடத்திய பள்ளியில் இங்கிலீஷ் மட்டுமே பேச வேண்டும். தாய்ப்பாஷையான உனாங்கம் துனூ வாயில் வந்தால் தண்டனை. தோல் உரிக்கும் தொழிலாளிகளாகவே ஜனங்களை வைத்திருந்த காலம் அது. சர்க்கார் அதிகாரியின் அனுமதி இல்லாமல் தீவை விட்டு வெளியே போக முடியாது. 1942ல் ஜப்பானியர் அலியூஷியன் தீவுகளில் குண்டு போட்டதும், ஜனங்களைக் கப்பலில் ஏற்றி, அலாஸ்காவின் தென்கிழக்கே பண்டர் பே என்ற இடத்தில் பாழடைந்த மீன் தொழிற்சாலையிலும் பழைய சுரங்க முகாமிலும் தள்ளினார்கள். திரும்பி வந்தது 1944ல். முகாமில் செத்தவர்களில் முதியவர்களும் குழந்தைகளும் அதிகம். சொல்லித் தருகிற கிழமும் போயிற்று, கற்றுக்கொள்கிற பிஞ்சும் போயிற்று.

1870 முதல் 1946 வரை நடத்திய விதம் அநியாயம் என்று ஒப்புக்கொண்டு, 1970களின் கடைசியில் 85 லட்சம் டாலர் நஷ்ட ஈடு கிடைத்தது. யுத்த கால முகாமுக்காக 1988ல் சட்டம் போட்டு மன்னிப்பும் கேட்டார்கள். பணம் வந்தது. பாஷை வரவில்லை. இன்று அதைத் தாராளமாகப் பேசக்கூடியவர்கள் மிகச் சிலரே. அவர்களும் வயதானவர்கள்.

கரையில் ஒதுங்கிய பறவைகள்

2016 அக்டோபரில் செயின்ட் பால் கரையில் செத்த பறவைகள் ஒதுங்க ஆரம்பித்தன. பெரும்பாலும் கொண்டை பஃபின்கள். சில கொண்டை ஆக்லெட்டுகள். கையில் எடுத்தால் கனமே இல்லை. எலும்பும் தோலும். 2017 ஜனவரிக்குள் 350க்கு மேற்பட்ட உடல்கள் சேர்ந்தன.

அவற்றைப் பொறுக்கி எடுத்து எண்ணியது யார்? வாஷிங்டனிலிருந்து வந்தவர்கள் அல்ல. தீவு ஜனங்களேதான். அவர்களில் சிலர் கரையில் ஒதுங்கும் பறவைகளை அளந்து குறித்து வைக்க ஏற்கெனவே பயிற்சி பெற்றவர்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் விஞ்ஞானிகள், மொத்தம் செத்தவை 3,150 முதல் 8,800 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டு 2019ல் கட்டுரை வெளியிட்டார்கள். கடல் சூடேறியதால் சத்துள்ள இரை குறைந்து, பட்டினியால் செத்தன என்பது அவர்கள் முடிவு.

ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். அந்தக் குளிர்காலத்தில் தீவில் கவனிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆராய்ச்சிக்காரர்கள் கோடையில் வருவார்கள், போவார்கள். பறவைகள் செத்தது இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும். அலை வந்து அடித்துக் கொண்டு போயிருக்கும். நரி தின்றிருக்கும். உலகத்துக்கு விஷயமே தெரிந்திராது.

பறவைக்கு மட்டுமா கஷ்டம்? அதே கடலில் பனி நண்டு கோடிகோடியாக மறைந்தது. 2022ல் அலாஸ்கா சர்க்கார் அந்த நண்டு பிடிப்பை அடியோடு நிறுத்தியது. அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. மறு வருஷமும் திறக்கவில்லை. 2024ல்தான் கொஞ்சமாக அனுமதித்தார்கள். செயின்ட் பால் ஊரின் வரும்படியே நண்டுதான். பிழைப்பு இல்லாத ஊரில் இளம் குடும்பங்கள் எத்தனை நாள் இருக்கும்? குடும்பம் போனால் பள்ளியில் பிள்ளை ஏது?

ஒரு எலியைத் தேடி

இந்தத் தீவுகளில் எலி கிடையாது. அதுதான் பறவைகளின் பாக்கியம். பாறை இடுக்கில் முட்டை இடும் பறவைகளுக்கு எலியைவிடப் பெரிய எமன் இல்லை. கப்பலில் ஒன்று வந்து இறங்கிவிடக் கூடாதே என்று துறைமுகத்தில் வருஷம் பூராவும் பொறி வைத்திருக்கிறார்கள்.

2018ல் செயின்ட் பாலில் ஒரே ஒரு எலி தென்பட்டது. பொறி, காமிரா என்று பல மாதம் வேட்டை! 2019ல் அது செத்துக் கிடக்கக் கண்ட பிறகுதான் மூச்சு விட்டார்கள். 2024 ஜூனில் எலி போல ஏதோ ஓடியதாக ஒருவர் சொன்னதும் மறுபடியும் அதே வேட்டை. நம் ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அங்கே ஓர் எலி என்றால் தீப்பொறி மாதிரி.

எலியின் கால்தடம் எப்படி இருக்கும், புழுக்கை எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒரு சிறுவன், பத்துப் பொறிக்குச் சமம்.

கொல்லக் கற்றுக் கொடுப்பதா?

செயின்ட் பால் தீவில் கொஞ்ச காலமாகப் பள்ளியும், தீவு ஜனங்களின் சபையும், பறவை ஆராய்ச்சிக்காரர்களும் சேர்ந்து பிள்ளைகளுக்குக் கடற்பறவைப் பாடம் நடத்தி வந்திருக்கிறார்கள். வகுப்பும் உண்டு, கோடை முகாமும் உண்டு. பறவையை இனம் காணுவது, பாறையில் எண்ணுவது, அது என்ன தின்கிறது என்று பார்ப்பது எல்லாம் சொல்லித் தருகிறார்கள். அதோடு பெரியவர்கள் வந்து, பறவையை எப்படிப் பிடித்தார்கள், எப்படிச் சமைத்தார்கள், பாஷையில் அதற்கு என்ன பெயர் என்பதையும் சொல்லுகிறார்கள்.

இதற்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்சேபம் வரும்.

பட்டணத்து மிருகாபிமானிகள் கேட்பார்கள்: "பறவையைக் காப்பாற்றச் சொல்லிக் கொடுக்கும் இடத்தில், அதை அடித்துத் தின்னவும் சொல்லிக் கொடுப்பதா?" கேள்வி நல்ல கேள்விதான். பட்டணத்தில் கோழிக்கறியைப் பொட்டலத்தில் வாங்குகிறவர் கேட்டாலும் கூட!

பதிலுக்கு ஐஸ்லாந்தைப் பார்க்கலாம். அதன் தெற்கே ஹெய்மே என்ற தீவு. ஆகஸ்டு, செப்டம்பர் இரவுகளில் பஃபின் குஞ்சுகள் பொந்தை விட்டுக் கடலுக்குக் கிளம்பும்போது, ஊர் விளக்கைப் பார்த்து மயங்கித் தெருவில் வந்து விழும். அந்த ஊர்ப் பிள்ளைகள் தூங்க மாட்டார்கள். அட்டைப்பெட்டியும் கையுமாகத் தெருத்தெருவாகத் திரிந்து குஞ்சுகளைப் பொறுக்குவார்கள். காலையில் எடை போட்டு எழுதிக் கொள்வார்கள். பிறகு கடல் ஓரத்துக்குக் கொண்டுபோய் வீசிப் பறக்க விடுவார்கள். அதே ஊரில்தான் நீளக் கழியில் வலை கட்டி பஃபின் பிடித்துத் தின்னும் வழக்கமும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. பறவை குறைந்ததும் பிடிக்கும் நாட்களைச் சில நாட்களாகச் சுருக்கிக் கொண்டார்கள்.

பறவையைத் தின்றவர்களுக்குத்தான் பறவை குறைவது முதலில் தெரிகிறது. தட்டில் குறைகிறதே! அந்த உறவை அறுத்துவிட்டுப் படத்தில் மட்டும் பறவையைக் காட்டினால், அது பரீட்சைக்குப் படித்து மறுநாள் மறக்கிற சங்கதியாகிவிடும். வரம்பில்லாமல் பிடிக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. எப்போது பிடிக்கக் கூடாது என்பதுதான் அந்தப் பாடத்தில் பாதி.

இன்னொரு பக்கத்து ஆட்சேபம் பெற்றோருடையது. "மகன் வெளியூர் போய்ப் பிழைக்க வேண்டும். அவனுக்குக் கணக்கும் இங்கிலீஷும் வேண்டும். பறவை எண்ணி என்ன செய்யப் போகிறான்?" இந்தக் கவலையை அலட்சியம் செய்வது தவறு. நண்டுத் தொழில் படுத்த ஊரில் இது வயிற்றிலிருந்து வரும் கேள்வி. ஆனால் பாறையில் பறவை எண்ணுவது கணக்கு இல்லாமல் வேறு என்ன? பத்துச் சதுர அடியில் இத்தனை, பாறை முழுவதும் எத்தனை என்று பெருக்குகிறான். போன வருஷத்தோடு கழித்துப் பார்க்கிறான். எழுதி வைக்கிறான். அதுவே பாடம். வெளியூர் போனாலும் பயன்படும். தீவிலேயே இருந்தால் இன்னும் பயன்படும். இந்தப் பாறைகளில் 1970களின் நடுவிலிருந்து எண்ணிக்கை எடுத்து வருகிறார்கள். அந்த வேலை இனியும் உண்டு. அதைச் செய்ய இரண்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஆள் வர வேண்டுமா?

யாருக்குச் சம்பளம்?

குறை ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்ட பாடங்கள் எங்குமே நன்கொடையை நம்பி நடக்கின்றன. ஒரு வருஷம் மானியம் வந்தால் முகாம் உண்டு. வராவிட்டால் இல்லை. பாறையில் பறவை முட்டை இடும் ஜூன் மாதத்தில் பள்ளிக்கு விடுமுறை. பறவை போன பிறகு பாடப் புத்தகம் வருகிறது. அதில் தீவில் இல்லாத மரமும் அணிலும் இருக்கின்றன!

கடற்பறவைப் பாடம் விருந்தாளிப் பாடமாக இருக்கக் கூடாது. கணக்கு, சரித்திரம் போல அதற்கும் மணி அடிக்க வேண்டும். கோடையில் பாறைக்குப் போகும் நாட்களையும் பள்ளி நாட்களாக எண்ண வேண்டும். முட்டையைத் தண்ணீரில் போட்டுக் காட்டும் கிழவியும் ஆசிரியைதான். விஞ்ஞானிக்குச் சம்பளம், கிழவிக்கு ஒரு கோப்பைத் தேநீரும் கைதட்டலும் என்பது சரியல்ல. அவளுக்கும் மாதச் சம்பளம் போட வேண்டும். தாமதம் ஆகாமல் போட வேண்டும். பாஷை தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும்படி இருக்கும்போது, கமிட்டி கூடிக் கூடிப் பேசிக் கொண்டிருக்க நேரமில்லை.

பிள்ளைகள் எழுதும் கணக்கும் தீவிலேயே ஒரு பிரதி இருக்க வேண்டும். பல காலம் வெளியூர்க்காரர்கள் வந்தார்கள், அளந்தார்கள், கொண்டு போனார்கள். முன்பு தோலைக் கொண்டு போனது போல இப்போது கணக்கையும் கொண்டு போகக் கூடாது.

தீவுப் பள்ளி மறுபடியும் திறப்பது ஆகஸ்டில். மர் குஞ்சுகள் பாறையை விட்டுக் குதிப்பதும் அந்தச் சமயத்தில்தான். மூன்று வாரக் குஞ்சு. இறக்கை இன்னும் முளைத்து முடியவில்லை. பறக்கத் தெரியாது. இருந்தாலும் அந்தி நேரத்தில் செங்குத்துப் பாறையிலிருந்து கடலைப் பார்த்துக் குதித்துவிடும். கீழே தண்ணீரில் தகப்பன் பறவை கூப்பிட்டுக் கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தை வைத்துக் குஞ்சு தகப்பனைக் கண்டுபிடித்துக் கொள்ளும். பிறகு இரண்டுமாக நீந்திப் போய்விடும். வாரக்கணக்கில் இரை கொடுத்து வளர்ப்பது தகப்பன்தான்.

முதல் நாள் வகுப்பை அந்தப் பாறை ஓரத்தில் வைத்தால் என்ன?